மருந்தை மறுக்கும் உரிமை யாருக்கு?

நோயுற்ற ஒருவர் தமக்குத் தரப்படும் மருந்தை வேண்டாம் என்று சொல்லலாம். அறுவை மருத்துவத்திற்கு இசையாதிருக்கலாம். உடல் அவருடையது, முடிவும் அவருடையது. மருத்துவ அறநெறி இதனை ஏற்கிறது. ஆனால், அடிபட்டுக் கிடப்பவர் உள்ளே இருக்க, அடிபடாத வேறொருவர் வாசலில் நின்றுகொண்டு, 'உங்கள் மருந்து இவருக்கு வேண்டாம்' என்று மருத்துவரைத் திருப்பி அனுப்பலாமா? அவ்வாறு அனுப்புவது ஒரு நாட்டின் அரசாகவே இருந்தாலும், அந்த உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். அந்த நான்கில் அரசு இல்லை. இன்றைய உலகிலோ எல்லையும் கொடியும் கடவுச்சீட்டும் ஐந்தாம் கூறாக வந்து சேர்ந்துவிட்டன. இயற்கைப் பேரிடர் நிகழும்போதெல்லாம் மற்ற நான்கு கூறுகளும் இந்த ஐந்தாவதன் அனுமதிக்காகக் காத்து நிற்கின்றன.

ஐராவதிக் கழிமுகத்தில்

2008ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நர்கிஸ் என்னும் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியது. லபுத்தா, போகலே ஆகிய வட்டங்களில் கடல்நீர் ஊர்களுக்குள் நெடுந்தொலைவு புகுந்தது. அரசு பின்னர் வெளியிட்ட கணக்கின்படி இறந்தோர் 84,537 பேர். காணாமற் போனோர் 53,836 பேர். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம். மருத்துவ நிலையங்களுள் பெரும்பாலானவை இடிந்தோ சேதமுற்றோ போயின. காயமுற்றவருக்குக் கட்டுப்போட இடமில்லை; குடிக்க நல்ல நீரில்லை.

அந்நாட்டை அப்போது ஆண்டது இராணுவம். வெளிநாட்டுப் பொருள்களை அது ஏற்றது. மனிதர்களை ஏற்கத் தயங்கியது. பேரிடர்ப் பணியில் பழகிய வெளிநாட்டு மருத்துவரும் தொண்டரும் அனுமதிச் சீட்டுக்காகத் தாய்லாந்திலே காத்துக் கிடந்தார்கள். இதற்கிடையில், மே 10ஆம் நாள் புதிய அரசியலமைப்புக்கான வாக்கெடுப்பை இராணுவம் நடத்தி முடித்தது. புயல் கடுமையாகத் தாக்கிய வட்டங்களில் மட்டும் அது மே 24க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிணங்கள் நீரில் மிதந்துகொண்டிருந்த நாள்களில் வாக்குப் பெட்டிகள் பயணம் செய்தன.

உள்நாட்டு மக்கள் வாளாவிருக்கவில்லை. துறவிகளும் திருச்சபையினரும் வணிகரும் மாணவரும் கிடைத்த படகுகளில் அரிசியும் மருந்தும் ஏற்றிச் சென்றனர். அவர்களுள் ஒருவர் சர்கனார்; பல் மருத்துவம் படித்து நகைச்சுவைக் கலைஞரானவர். நண்பர்களைத் திரட்டி நிவாரணம் கொண்டுசென்ற அவர், அரசின் மெத்தனத்தை வெளிநாட்டு ஊடகங்களிடம் எடுத்துரைத்தார். அதற்காக ஜூன் மாதம் கைது செய்யப்பட்டு, நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2011இல்தான் விடுதலையானார். அன்னியர் தலையீட்டுக்கு அஞ்சியதாகச் சொன்ன அரசு, தன் சொந்தக் குடிமகனின் கையையும் பிடித்து நிறுத்தியதை நாம் கவனிக்க வேண்டும்.

கொடுப்பவரின் கை

எனினும் நீதியாகப் பார்க்க வேண்டுமானால், கொடுக்க வந்தவரையும் பார்க்க வேண்டும். மே 6ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ், இராணுவத்தால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்த ஆங் சான் சூகிக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். எங்கள் உதவியை உள்ளே விடுங்கள் என்று மியான்மர் அரசை அவர் கேட்டுக்கொண்டதும் அதே நிகழ்ச்சியில்தான். பதக்கத்துக்கு உரியவர் தகுதியுடையவரே. ஆனால் அந்த நாள் ஏற்றதா? கடலில் எசெக்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலும் மிஸ்திரால் என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும் உதவிப் பொருள்களுடன் நின்றன. நல்ல நோக்கத்துடனேயே வந்திருக்கலாம்; ஆயினும் படையெடுப்புக்கு அஞ்சி வாழும் ஓர் ஆட்சிக்குத் தொடுவானில் தெரிந்தவை போர்க்கப்பல்களே. மீண்டும் மீண்டும் அனுமதி கேட்டும் கிடைக்காமல், ஜூன் தொடக்கத்தில் எசெக்ஸ் திரும்பிச் சென்றது.

அப்போது பிரான்சின் வெளியுறவு அமைச்சராக இருந்த பெர்னார் குஷ்னேர், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அனுமதி இல்லாவிட்டாலும் உதவியைக் கொண்டுசெல்ல ஐக்கிய நாடுகள் அவை வழிகாண வேண்டும் என்றார் அவர். 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தார். ஆனால் 2005இல் உலகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட அக்கோட்பாடு இனப்படுகொலை, போர்க் குற்றங்கள், இனத் துடைத்தழிப்பு, மானுடத்திற்கு எதிரான குற்றங்கள் ஆகிய நான்கை மட்டுமே பெயர்சொல்லிக் குறிக்கிறது. புயல் அதில் இல்லை. பேரிடர் உதவி, பாதிக்கப்பட்ட நாட்டின் இசைவோடுதான் அளிக்கப்பட வேண்டும் என்பது ஐ.நா. பொதுப்பேரவையின் 1991ஆம் ஆண்டுத் தீர்மானம்.

நர்கிஸ் புயலுக்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன், 2008 ஏப்ரல் 18 அன்று, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதே ஐ.நா. பொதுப்பேரவையில் உரையாற்றியிருந்தார். தன் மக்களைக் காப்பது ஒவ்வோர் அரசின் முதற்கடமை என்றார். இயற்கையால் வரும் நெருக்கடிகளையும் அதில் சேர்த்தே சொன்னார். அரசால் இயலாதபோது, பன்னாட்டுச் சமூகம் சட்டம் வகுத்த வழிகளில் தலையிட வேண்டும் என்றார். அவ்வாறான தலையீடு இறையாண்மையைக் குலைப்பதாகாது. அக்கறையின்மையே உண்மையான தீங்கைச் செய்கிறது என்பது அவர் கருத்து. ஆக, திருத்தந்தை காட்டிய கடமை ஐ.நா. வகுத்த பட்டியலைவிட அகன்றது. ஆயினும் 'சட்டம் வகுத்த வழிகளில்' என்ற எல்லையையும் அவரே இட்டார். வலியவர் தம் விருப்பம்போல் நுழைவதற்கு அது உரிமைச் சீட்டாகாது.

கழிமுகத்தின் கதவு இறுதியில் எவ்வாறு திறந்தது? அண்டை நாடுகள் வழியாகவே திறந்தது. இந்திய இராணுவ மருத்துவர் குழு ஒன்று மே மாத நடுவில் ஏற்கப்பட்டது. தொடர்ந்து ஆசியான் நாடுகளின் மருத்துவக் குழுக்களுக்கு இசைவு கிடைத்தது. மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன், தளபதி தான் ஷ்வேயை நேரில் சந்தித்தபின் மற்றவர்களுக்கும் வழி திறந்தது. மூன்று வாரங்கள்! அதற்குள் யார் யார் பிழைத்திருக்கக்கூடும் என்பதைக் கணக்கிட எவராலும் இயலாது.

வலிய நாடும் மறுக்கும்

மறுப்பது சர்வாதிகாரிகளின் வழக்கம் மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. 2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கியது. கியூபா 1,586 மருத்துவர்களை அனுப்ப முன்வந்தது. கியூபாவின் விடுதலைப் போரில் சேர்ந்து உயிர்நீத்த ஹென்றி ரீவ் என்ற அமெரிக்கரின் பெயரையே அந்த அணிக்குச் சூட்டியது. அமெரிக்கா அதனை ஏற்கவில்லை. தன் மருத்துவர்களே போதும் என்றது. மருத்துவர் எண்ணிக்கை அந்நாட்டில் குறைவன்று என்பது உண்மை. ஆயினும் நியூ ஆர்லியன்சின் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து வெள்ளத்துக்குப்பின் 45 உடல்கள் எடுக்கப்பட்டன என்பதும் உண்மை. நாட்டில் மருத்துவர் இருப்பதும், நோயாளியிடம் மருத்துவர் வந்து சேர்வதும் ஒன்றல்ல.

அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானில் பெரும் நிலநடுக்கம். அதே கியூப அணி அங்கே ஏற்கப்பட்டது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் இமயத்தின் குளிர்காலம் முழுவதும் கூடாரங்களில் தங்கிப் பணியாற்றினார்கள். இந்தியா அளிக்க முன்வந்த ஹெலிகாப்டர்களை மட்டும், 'விமானிகள் இல்லாமல் தாருங்கள்' என்றது பாகிஸ்தான். 'விமானிகளோடுதான் தருவோம்' என்றது இந்தியா. மலையில் காயமுற்றுக் கிடந்தவருக்கு விமானியின் நாடு எது என்பதா கவலை?

நம் கரையையும் நினைப்போம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அயல்நாட்டு அரசுகளின் உடனடி உதவி தேவையில்லை, நாமே சமாளிப்போம் என்றது இந்திய அரசு. சொன்னதோடு நில்லாமல், இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல்களை அனுப்பியது. நிருபக் என்னும் கடற்படைக் கப்பல் மருத்துவமனையாக மாற்றப்பட்டு இந்தோனேசியா சென்றது. தமிழகக் கரைக்கு மருத்துவரும் மருந்தும் விரைவிலேயே வந்து சேர்ந்தமையால் அந்த மறுப்பைப் பலரும் பெருமையாகக் கருதினர். ஆனால் நிக்கோபார்த் தீவுகளில் நிலை வேறு. தொலைவான தீவுகளுக்கு உதவி மெல்லவே சென்றது. வெளியார் நுழையவும் கட்டுப்பாடு இருந்தது. ஒரே மறுப்பு, ஒரே நாள், ஒரே அரசு. நாகையில் அது தன்மானம். நிக்கோபாரில் அதே சொல்லுக்கு அவ்வளவு எளிதில் அப்பெயர் பொருந்தாது.

இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் கிடைக்கிறது. பிறர் தரும் மருந்தை மறுக்கிற அரசு, அதே மருந்தை அதே வேளையில் தன் கையால் தர வல்லதாயின், அதன் மறுப்பு மதிக்கத்தக்கது. தானும் தர இயலாமல், தருபவரையும் விடாமல் நிற்குமாயின், அது தன் மானத்துக்கான விலையைப் பிறர் உயிரால் செலுத்துகிறது. இறையாண்மை என்பது மக்களைக் காக்கும் பொறுப்புக்காகவே ஓர் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட உரிமை. பொறுப்பைக் கைவிட்டபின் உரிமையை மட்டும் பற்றிக்கொள்வதில் அறம் ஏது?

சமாரியர் செய்ததும் செய்யாததும்

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் சமாரியரின் இரக்கத்தையே தியானிக்கிறோம். குற்றுயிராய்க் கிடந்தவரின் பக்கமிருந்து ஒருமுறை பார்ப்போமா? யூதருக்கும் சமாரியருக்கும் பல தலைமுறைப் பகை. நல்ல உடல்நிலையில் இருந்திருந்தால் அந்த மனிதர் சமாரியரின் எண்ணெயையும் மதுவையும் தொட விட்டிருப்பாரா? எருசலேமின் தலைவர்களிடம் இசைவு கேட்டிருந்தால் அவர்கள்தாம் தந்திருப்பார்களா? காயம் அந்தக் கேள்விகளுக்கு நேரம் தரவில்லை. பெறுவதற்கும் ஒரு தாழ்மை வேண்டும் என்பது அந்த உவமையில் மறைந்திருக்கும் பாடம்.

கொடுப்பவருக்கும் அதில் பாடமுண்டு. சமாரியர் காயங்களைக் கட்டினார், சாவடிக்குக் கொண்டுபோனார், இரவு உடனிருந்து கவனித்தார். மறுநாள் இரண்டு தெனாரியங்களைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அந்த ஊரில் தமக்கென ஒரு சாவடி கட்டவில்லை. உள்ளூர்ப் பொறுப்பாளரை நம்பி ஒப்படைத்தார். நன்றியைக் கேட்டதாகவோ, தம் மக்களின் பெருமையை எடுத்துரைத்ததாகவோ உவமை சொல்லவில்லை. ஐராவதிக் கரையில் கதவு திறந்ததும் ஏறத்தாழ இவ்வழியில்தான்: கொடிகள் பின்வாங்கி, அண்டை வீட்டார் முன்வந்தபோது.

உதவி என்பது அரசுகளுக்கிடையே மட்டும் நிகழ்வதன்று. நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் வெள்ள நிவாரணம் திரட்டுகிறோம். பையின்மேல் நம் பெயரை அச்சிடுகிறோம். பெற்றுக்கொள்பவரை நிழற்படத்துக்கு நிற்க வைக்கிறோம். வேறு சமயத்தாரிடமிருந்தோ, நாம் தாழ்வாக எண்ணும் சாதியாரிடமிருந்தோ உதவி வந்தால் முகம் சுளிக்கிறோம். மியான்மரின் தளபதிகளையும் அமெரிக்காவின் தலைவர்களையும் நிறுத்தி வினவிய அதே கேள்வி நம் ஆலய வளாகத்திலும் நிற்கிறது.

எரிகோ சாலையில் கிடந்தவரின் காயத்துக்கு நாடு இல்லை. நம் கையிலுள்ள மருந்துக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?