யாருடைய ரத்தம்?

போன வருஷம் ஜொகூர் பாருவில் அம்மாவை ஓர் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்திருந்தோம். ரத்த வகை பார்க்க ரத்தம் எடுத்துப்போன மிஸ்ஸி, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். குழாயில் எழுதிய ஐ.சி. எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டதாம். "நான்தான் எடுத்தேன், இவங்களோடதுதான்னு சொன்னேன் தம்பி. லேப்ல திருத்த விடல." மறுபடி குத்த வேண்டும்.

அம்மாவுக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. எனக்குக் கோபம் வந்தது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் லேபிள் சரிபார்ப்பதற்கே சம்பளம் வாங்கும் எஞ்சினியர் நான். இருந்தும் அன்று தோன்றியது இதுதான்: நேரில் பார்த்தவர் சொல்வதை நம்ப மறுப்பது அவமதிப்பு இல்லையா?

தொழிற்சாலையில் லேபிள் இல்லாத பாகத்தை அளந்து பார்த்தாவது கண்டுபிடிக்கலாம். ரத்தம் அப்படியல்ல. 1901இல் லாண்ட்ஸ்டைனர் கண்டுசொன்ன வகைகளில் எது என்று லேப் பிசகாமல் சொல்லிவிடும். யாருடையது என்று சொல்லாது. நோயாளியின் ரத்த வகை முன்பே பதிவில் இருந்தால் முரண்பாடு தெரியலாம். முதல் தடவை என்றால் எல்லாம் சரியாக நடந்து, சரியான விடை தவறான ஆளுக்குப் போய்ச் சேரும். உயிர் போகும் விஷயம்.

மிஸ்ஸி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையிலேயே குழாய் மாறியிருந்தாலும் அவர் அதே உறுதியோடுதான் சொல்லியிருப்பார். அந்த உறுதியை வைத்து லேப் என்ன செய்யும்?

அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர். சீருடை போட்டவர் எது கேட்டாலும் "யா, யா" என்று தலையாட்டுவார். அது அவர் மரியாதை. "நீங்க இன்னார்தானே?" என்று பக்கத்துக் கட்டில்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஆட்டுவார். பெயரை நாம் சொல்லாமல் நோயாளியையே சொல்லவைக்க வேண்டும், ரத்தம் எடுத்தபின் கட்டிலருகிலேயே எழுத வேண்டும் என்ற விதியெல்லாம் இந்தத் தலையாட்டலை அறிந்தவர்கள் போட்டது. பெயர் மட்டும் போதாது. எங்கள் தாமானிலேயே அம்மா பெயரில் மூன்று பேர். அதனால்தான் பிறந்த தேதியில் தொடங்கும் அந்த 12 இலக்கங்கள்.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. முதுகுத்தண்டு நீர், அறுத்தெடுத்த திசு போன்ற மறுபடி எடுக்க முடியாத மாதிரிகள் என்றால், எடுத்தவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றால் பல லேப்கள் ஏற்றுக்கொள்கின்றனவாம். ஆக, வேறு வழியில்லாத இடத்தில் மனிதர் வாக்கு செல்லும். கை நீட்டினால் மறுபடி ரத்தம் கிடைக்கும் இடத்தில் செல்லாது. நியாயம்தான். ஆனால் நீட்டிய கை அம்மாவுடையது, பிழை அவருடையதல்ல. இதற்கு எனக்கு இன்னும் பதில் இல்லை.

இரண்டாவது தடவை மிஸ்ஸி, "உங்க பேர் என்னம்மா?" என்றார். அம்மா முழுப் பெயரும், இன்னார் மகள் என்றும், ஐ.சி. எண்ணும் சொல்லிவிட்டு, கேட்காமலே தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையும் சொன்னார். மிஸ்ஸி கட்டில் ஓரத்தில் குனிந்து, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தபடி எழுதினார்.