முள்ளுக்கும் வளவில் இடமுண்டா?

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் நாம், இந்த அரிசோனாப் பாலைவனத்து வூல்ஃப்பெரி முட்பற்றைக்கு எதை ஈவது? கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, நீர் குறைந்தால் இலை உதிர்த்து உறங்கும். பட்டுவிட்டதென்று இரங்கி வாளி வாளியாக ஊற்றுவது இரக்கமாகாது, வேர் அழுகக்கூடும். நட்ட ஓரிரு ஆண்டுகள் நீர் விட்டால், பின்னர் பெரும்பாலும் மழையே போதும். டூசானில் நமது மல்லிகைக்கோ, கொலராடோ ஆற்று நீர் 336 மைல் நீளக் கால்வாய் வழியே வரவேண்டியிருக்கிறது. (கணக்கெழுதுபவர் புத்தி, செலவைப் பார்க்காமல் விடாது!)

முள் பிள்ளைகளுக்குக் குத்தும் என்பார்கள். நியாயமே. ஆனால் அந்த முள்ளுக்குள்தான் காடைகள் பருந்துக்குப் பயந்து ஒளிக்கின்றன. அதன் சிவந்த சிறுபழங்களை உண்கின்றன. இந்நிலத்து ஆதிக்குடிகளான ஓஓதாம் மக்களும் அப்பழத்தை உண்டு வந்தவர்கள். மாலைக்குப் பூவோ இருக்க நிழலோ நமக்குத் தராத ஒன்றைப் பறவைக்காக வளர்ப்பது ஈகையில் சேராதா? மல்லிகையைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. நடைபாதைக்கு எட்ட, வேலியோரம் ஒரு மூலை போதும்.