கேட்டு வாங்குங்கள் உங்கள் அரை மணி நேரத்தை!

நேரமில்லை என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்! மதுரை காளவாசல் சிக்னலில் தேனி பஸ்ஸுக்கும் பைபாஸ் லாரிக்கும் நடுவே நின்று தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் நீங்கள். விடியுமுன் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும், ஸ்கூல் வேன் யாருக்காகவும் நிற்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் ஓடுவதற்கு அரை மணி நேரம் வேண்டும் என்று வீட்டில் வாய்திறந்து கேட்டிருக்கிறீர்களா?

மதுரையை ஒட்டிய சக்கிமங்கலத்து ரேவதி சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். பாட்டி ஆரம்மாள் கூலி வேலை பார்த்து அவரையும் தங்கையையும் வளர்த்தார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னபோது அந்த அம்மா அசையவில்லை, படிக்கத்தான் அனுப்பினார். பேத்தியை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பும்படி பயிற்சியாளர் கண்ணன் கேட்டபோது முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். வெறுங்காலில் ஓடத் தொடங்கிய ரேவதி, லேடி டோக் கல்லூரியில் படித்து, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கூலி வீட்டில் ஒரு கிழவி சொன்ன "போய் வா" எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

நெதர்லாந்தின் ஓட்ட வீராங்கனை ஃபேனி பிளாங்கர்ஸ் கோயனுக்கு 1948-ல் வயது 30, இரண்டு குழந்தைகளின் தாய். பிள்ளைகளைப் பார்க்காமல் இவளுக்கு என்ன ஓட்டம் என்று ஏசினார்கள். அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர் கணவரே.

கணவன்மார்களே, இதைக் கவனியுங்கள். நீங்கள் ஓடிவிட்டு வரும்வரை அடுப்படியில் நிற்பவளுக்கும் கால்கள் இருக்கின்றன. செவ்வாய் நீங்கள் ஓடினால் புதன் அவள் ஓடட்டும்; அன்று இட்லிச் சட்டி உங்கள் பொறுப்பு. இந்த நியாயம் இல்லாத வீட்டில் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

மலைக்காதீர்கள். வாரத்துக்கு 75 நிமிடம் மூச்சிரைக்கும் உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம்! இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடங்கள். உடம்பு பழகப் பழக நடையைக் குறையுங்கள். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இருட்டில் பைபாஸ் ஓரம் வேண்டாம். அரசரடி ரயில்வே காலனிச் சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சித்திரை வெயில் ஏழு மணிக்கே சுடும், அதற்குள் வீடு திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். அப்பாவும் அம்மாவும் வியர்க்க ஓடுவதை அவர்கள் பார்க்கட்டும்.

காய்ச்சல் வரும், காதுகுத்து வரும், முழுப் பரீட்சை வரும். ஒரு வாரம் விட்டுப்போகும். போகட்டும்! மறு வாரம் ஷூவை எடுத்து மாட்டுங்கள். விட்ட நாளை நினைத்துக் குமைபவன்தான் அடுத்த நாளையும் விடுகிறான்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "நாளைக் காலை ஐந்தரைக்கு நான் ஓடப் போகிறேன். திரும்பி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்."