உடம்பும் ஒரு தருமச் சொத்து

பெறுதற்கரிய மானிடப் பிறவியைப் பெற்ற உயிரானது, இறைவனை அறிந்து வழிபட்டு உய்வதற்குக் கருவியாக வாய்த்தது இவ்வுடம்பாகும். திருமூல நாயனார் முன்னர் உடம்பை இழிவானதென எண்ணியிருந்ததையும், அதனுள்ளே இறைவன் எழுந்தருளியிருப்பதை உணர்ந்தபின் அதனைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்திலே கூறியிருக்கின்றார். அதேவேளை எளிமையும் சிக்கனமும் சைவ வாழ்வுக்கு அணிகலன்களாகப் போற்றப்பட்டு வந்துள்ளன.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்ற இடமும் உண்டு. சிக்கனத்தின் பெயரால் உடம்பைப் பட்டினி போடலாமா? மருந்தை மிச்சம் பிடிக்கலாமா? அவ்வாறு மிச்சம் பிடித்த பணத்தை ஆலயத்துக்குக் கொடுத்தால் அது புண்ணியமாகுமா? இவை பண்டிதர்கள் மாத்திரம் ஆராய வேண்டிய வினாக்கள் அல்ல. எமது கிராமங்களிலே வயோதிபர் தனித்து வாழும் பல வீடுகளில் நாள்தோறும் எழுகின்ற வினாக்களாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணே சிக்கனத்தைக் கற்பிக்கும் மண்ணாகும். இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரி மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்கி நிற்கின்றது. அளவறிந்து அள்ளினால் அது ஊறிக்கொண்டிருக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் தண்ணீரின் அருமை கைகால்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று ஆளியைத் தட்டியதும் மோட்டார் இறைக்கின்றது. தொட்டி நிரம்பி வழிவதும் தெரிவதில்லை.

நான்கு பரப்பு வளவு என்பது கால் ஏக்கர் நிலமே. ஆயினும் அந்தக் கால் ஏக்கரில் வீணாகும் பொருள் ஒன்றில்லாமல் எம் முன்னோர் வாழ்ந்தனர். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போயிற்று. தென்னோலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, சிரட்டை அகப்பையாயிற்று, மிஞ்சியது அடுப்புக்குப் போயிற்று. பனம்பழம் பனாட்டாயிற்று; அதன் கொட்டை பாத்தியிலே முளைத்துக் கிழங்காயிற்று; கிழங்கு காய்ந்து ஒடியலாயிற்று; அவித்துக் காய வைத்தது புழுக்கொடியலாயிற்று. வேலியிலே முருங்கையும் கிணற்றடியிலே வல்லாரையும் பொன்னாங்காணியும் கறிக்கு உதவின. கூட்டிய குப்பை பசளையாகி மண்ணுக்கே திரும்பியது.

இந்தப் பழக்கம் சோதனைக் காலங்களிலே ஊரைக் காப்பாற்றியது. 1970 முதல் 1977 வரையிலான ஆண்டுகளில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது மரவள்ளியும் குரக்கனும் பசி தீர்த்தன. 1990 இன் பின் பொருளாதாரத் தடை வந்தபோது ஜாம் போத்தலில் திரியிட்டுச் சொற்ப மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தனர். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தனர். 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளியேறியவர்கள், கையில் எடுத்தது மாத்திரமே சொத்து என்பதைக் கண்டுகொண்டனர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் எட்டியபோது, எரிவாயு அடுப்புகள் ஓய விறகடுப்புகள் மீண்டும் எரிந்தன. வளவிலே முருங்கை நின்ற வீட்டுக்குக் கறிக்குக் குறைவிருக்கவில்லை.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும் நெருக்கடியிலே கற்ற பாடம் நெருக்கடி நீங்கிய பின்னரும் மனதிலே பயமாகத் தங்கிவிடுவதுண்டு. அங்கேதான் சிக்கனம் தன் எல்லையைத் தாண்டுகின்றது.

தனித்து வாழும் ஒரு தாயாரை எண்ணிப் பார்க்கலாம். இவரைப் போன்றவர்களை எந்தக் கிராமத்திலும் காணலாம். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். விடியற்காலை எழுந்து முற்றம் கூட்டி, ஆலய வீதியையும் கூட்டிவிட்டு வருவார். காலையில் வெறுந்தேத்தண்ணீரும் ஒரு துண்டுப் பாணும். மத்தியானம் சோறும் ஊறுகாயும் பொரித்த மோர்மிளகாயும். இரவு மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தது. “ஒருத்திக்காக அடுப்பு மூட்டுறதே?” என்பது அவரது நியாயம். நீரிழிவுக்கான குளிசை அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் பஸ் காசும் ஒரு பகற்பொழுதும் செலவாகும் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போவார். ஒரு மாதக் குளிசையைப் பாதி பாதியாக உடைத்து இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்வார். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது பழகியது, பின்னரும் விடவில்லை.

அயல்வீட்டுப் பெண் கேட்பாள்: “ஆச்சி, குளிசை போட்டியளே?”

“ஓம் பிள்ளை, இருக்கிறதைக் கொண்டு சமாளிக்கிறன்.”

தொலைபேசியிலே மகள் கேட்பாள்: “அம்மா, சாப்பிட்டியளே?”

“ஓம் பிள்ளை, வடிவாச் சாப்பிட்டன்.”

தேர்த்திருவிழா வரும்போது சீலைத்தலைப்பில் முடிந்து வைத்த பணத்தை எடுத்து வந்து உபயத்துக்குக் கொடுப்பார். பற்றுச்சீட்டைப் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் பணத்திலே அவர் உண்ணாத உணவும் போடாத குளிசையும் அடங்கியிருப்பது பற்றுச்சீட்டிலே எழுதப்படுவதில்லை.

இது பக்தியல்லவா, இதிலே என்ன குற்றம் என்று சிலர் கேட்கலாம். குங்கிலியக்கலய நாயனாரின் வரலாற்றையும் எடுத்துக்காட்டலாம். திருக்கடவூரிலே குங்கிலியத் தூபமிடும் திருத்தொண்டைச் செய்துவந்த அவர் வறுமையுற்றார். மனைவி மக்கள் பசித்திருக்க, நெல் வாங்கும்படி மனைவியார் கொடுத்த திருத்தாலியை எடுத்துச் சென்றவர், வழியிலே வந்த வணிகனிடம் அதைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியை வாங்கித் திருக்கோயிலுக்குப் போய்விட்டார். உணவையும் விட்டு இறைதொண்டு செய்வதே மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரலாற்றை முடிவு வரை படித்தல் வேண்டும். அன்றிரவு இறைவன் அவரது இல்லத்தைப் பொன்னாலும் நெல்லாலும் நிறைத்தருளினார். பசியோடு படுத்திருந்த மனைவியாருக்கு அதனைக் கனவிலே உணர்த்தி எழுப்பினார். அம்மையார் எழுந்து திருவமுது சமைத்தார். பின்பு கோயிலிலே இருந்த நாயனாருக்கு இறைவன் அருளிய திருவாக்கு யாது? இன்னும் குங்கிலியம் கொண்டு வா என்பதன்று. நீ மிகவும் பசித்திருக்கின்றாய், உன் வீட்டுக்குப் போய்ப் பாற்சோறு உண்டு துன்பம் நீங்குவாயாக என்பதே. அடியாருடைய பசி ஆண்டவனுக்குத் தெரிந்திருக்கின்றது. அந்தப் பசி தீர வேண்டும் என்பதே அவர் திருவுள்ளமாகவும் இருக்கின்றது. தூபத்தை ஏற்றுக்கொண்டவர், தூபமிட்டவரைப் பட்டினியாக விட்டுவிடவில்லை.

ஆகவே அடியாரின் பசியை ஆலயம் காணாமலிருப்பது இறைவன் காட்டிய வழியன்று.

இனிச் சிக்கனத்துக்கும் உடம்பைப் புறக்கணித்தலுக்கும் எல்லை எங்கே என்பதை நோக்கலாம். ஆலய பரிபாலனத்திலே இதற்கு நல்ல விளக்கம் உண்டு. ஆலயச் சொத்து தர்மகர்த்தாவுக்கு உரியதன்று, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மடைப்பள்ளிக் கூரை ஒழுக, அதைத் திருத்தாமல் வங்கிக் கணக்கிலே மிச்சம் காட்டுகின்ற தர்மகர்த்தாவைச் சிக்கனக்காரர் என்று எவரும் மெச்சமாட்டார்கள். பொறுப்பில்லாதவர் என்றே சொல்வார்கள். உடம்பும் அப்படியே. அதனைத் தந்தவர் இறைவன். அதனுள்ளே எழுந்தருளியிருப்பவரும் அவரே. உயிர் அதன் தர்மகர்த்தா மாத்திரமே. “என்ரை உடம்பு, நான் பட்டினி கிடந்தால் ஆருக்கென்ன?” என்று கேட்கும் உரிமை அதற்கில்லை.

ஆலயத்திலே நித்திய பூசையும் உண்டு; மகோற்சவமும் உண்டு. பணமுடை வந்தால் மேளக் கூட்டத்தைக் குறைக்கலாம், மின்விளக்கு அலங்காரத்தைக் குறைக்கலாம், திருவிழாவையே சுருக்கலாம். போர்க்காலத்திலே பல ஆலயங்கள் அவ்வாறே செய்தன. ஆனால் மூலஸ்தானத்து விளக்கையும் நைவேத்தியத்தையும் மிச்சம் பிடிப்பதற்கு யாரும் துணியமாட்டார்கள். வீட்டுக்கும் இதுவே விதியாகும். நேரத்துக்கு உணவு, சுத்தமான தண்ணீர், வேண்டிய மருந்து, போதிய நித்திரை என்பன உடம்பின் நித்திய பூசை. பட்டுச் சேலை, சாமத்தியச் சடங்கின் ஆடம்பரம், பெரிய மதில், ஊருக்குக் காட்டும் விருந்து என்பன மகோற்சவம். சிக்கனம் மகோற்சவத்திலே தொடங்க வேண்டும். நித்தியத்திலே கை வைக்கக் கூடாது. எம்மவரிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். நாள்தோறும் வயிற்றை ஒறுத்துச் சேர்த்ததை ஒரே நாள் சடங்கிலே கரைத்துவிடுகின்றனர்.

நித்திய பூசைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முருங்கையிலை வறையும் பயற்றங்கறியும் ஊறுகாய்ப் போத்தலைவிட அதிக விலையானவை அல்ல. நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பே வளர்ந்தவருக்குத் தகுந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது; அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. சோற்றுக்கு ஊறுகாயும் மோர்மிளகாயும் போதும் என்றிருப்பவருக்கு அந்த அளவு இலகுவில் தாண்டிவிடும். இரத்த அழுத்தமும் ஏறும். குடிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு கைப்பிடி சுள்ளி போதும்.

நீரிழிவு நாட்பட்டால் பாதங்களில் உணர்ச்சி குறையும். முள்ளுக் குத்தினாலும், மத்தியான வெய்யிலில் வீதி மணல் சுட்டாலும் தெரியாமற் போகும். ஆகையால் இரவு படுக்குமுன் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் தெரியாதவர் பிறரைக் கொண்டு பார்ப்பிக்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. வல்லாரையும் தூதுவளையும் நல்ல உணவுகளே. அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்துவது தகாது. கந்தசஷ்டி போன்ற விரதம் அநுட்டிப்போர், மருந்து எடுப்பவராயின் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு நடத்தல் வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டு உண்ணாதிருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக் கூடும்.

பாதிக் குளிசையால் வரும் மிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காலிலே ஒரு சிறு புண் வந்து ஆறாமற் போனால் வைத்தியசாலையிலே நாட்கணக்கிற் படுக்க நேரும். சிலருக்குக் காலையே இழக்க நேரும். பிள்ளை அலறியடித்து விமானம் ஏறி வருவாள். ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்தது ஒரு பயணச்சீட்டுக்கும் காணாது. எல்லாவற்றிலும் பெரிய நட்டம், விடியற்காலையிலே ஆலய வீதி கூட்டிய அந்தத் திருத்தொண்டு நின்றுபோவதாகும்.

குற்றத்தை முழுவதும் அந்தத் தாயார் தலையிலே சுமத்துவதும் நீதியன்று. பணம் அனுப்பும் பிள்ளைகள் “சாப்பிட்டியளே?” என்று கேட்பதோடு நில்லாமல், என்ன சமைத்தீர்கள், கிளினிக்குக்கு எப்போது போனீர்கள், கூட யார் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கிளினிக் நாளில் ஓட்டோவுக்கு ஒழுங்கு செய்யலாம். அயலவர் ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்பலாம். ஒருவருக்காக அடுப்பு மூட்ட மனமில்லாதவர் இருவராகச் சேர்ந்தால் மூட்டுவார்.

ஆலயங்களுக்கும் கடமை உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1872 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யிலே ஆலயங்களை நடத்துவோரின் பொறுப்பின்மையைக் கடிந்தெழுதினார். 1877 இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். சமயத்தைக் காத்தவர் வயிற்றையும் மறக்கவில்லை. உபயத் தொகையை ஒலிபெருக்கியிலே வாசிக்கும்போது பெரிய தொகைக்கு ஒரு குரலும் சிறிய தொகைக்கு ஒரு குரலுமாக வாசித்தால், இல்லாதவரும் பட்டினி கிடந்து கொடுக்கத் தூண்டப்படுவர். ஒரு பிடி பூவும் ஒரு நாள் வீதி கூட்டலும் உபயமே என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆலயமாகும். தனித்து வாழும் முதியவர் சீலைத்தலைப்பை அவிழ்க்கும்போது, பற்றுச்சீட்டு எழுதுபவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, “அம்மா, கிளினிக்குக்குப் போனீங்களே? முதல் அதைப் பாருங்கோ. சுவாமி காத்துக்கொண்டிருப்பார்” என்று சொல்வாராயின், அதுவும் ஒரு பூசையே.

கொடுக்கும் கையைத் தட்டிவிடுவது நோக்கமன்று. கொடுத்தலிலே இன்பம் காண்பவரைக் கொடுக்க வேண்டாம் என்பது அவரை வருத்தும். உண்டபின் மிஞ்சியதைக் கொடுக்கட்டும். உடம்பால் இயன்றதைச் செய்யட்டும். உண்ணாமற் கொடுத்ததை ஏற்றுக்கொள்ளும் வேளையில் மாத்திரம், கலயநாயனாருக்கு இறைவன் அருளிய திருவாக்கை நினைவுகூர்தல் வேண்டும்.

இன்றிரவு தனித்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். குளிசை முழுதாகப் போடப்பட வேண்டும். அந்த வீடுகளிலே வாழும் அடியார்கள் நாளை விடியற்காலை விளக்குமாறும் கையுமாக ஆலய வீதிக்கு நடந்து வருவதற்கு எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.