பலர் மகிழ்ந்தால் நீதியாகுமா?

வியன்னா நகரில் இளவரசர் யூஜின் தமக்கெனக் கட்டிய பெல்வெடியர் மாளிகை 1723இல் நிறைவுற்றது. மேல் மாளிகைக்கும் கீழ் மாளிகைக்கும் நடுவே படிப்படியாக இறங்குகிறது பூந்தோட்டம். ஒருவருடைய இன்பத்துக்காக எழுந்த அது, இன்று நூதனசாலையாக அனைவரையும் வரவேற்கிறது. நல்லதே.

எனினும், அங்கே நெடுங்காலம் தொங்கிய, ஓவியர் கிளிம்ட் வரைந்த புகழ்பெற்ற படமொன்று, நாசிகள் ஒரு யூதக் குடும்பத்திடம் பறித்த பொருள். 'இத்தனைபேர் கண்டு மகிழ்கிறார்களே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சொல்லலாமா? பலர் மகிழ்ந்தாலும் பறித்தது பறித்ததே. காலம் கடந்தால் களவு உரிமையாகிவிடாது. 2006இல், நடுவர் தீர்ப்பின்படி, படம் அக்குடும்பத்தின் வாரிசுகளிடம் திரும்பியது. சுவர் ஓர் அழகை இழந்தது. மாளிகை ஒரு பழியிலிருந்து நீங்கியது.

ஊருக்கு நன்மையென்று சொல்லி ஒருவருடைய உரிமையில் கைவைக்கும்போது, அந்தச் சுவரை நாமும் நினைத்துக்கொள்வோம்.