ஜும்ஆ உரை: விற்கும் வீட்டின் சுவருக்குள் கசியும் தண்ணீர்



சென்ற வாரம் மஃரிபுக்குப் பிறகு ஒரு தம்பி மஸ்அலா கேட்டு வந்தார். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். இங்கே மில்லர்புரத்தில் ஒரு பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். சவூதியில் பதினோரு வருடம் உழைத்த காசு. பத்திரப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பீரோ வைக்க அளவெடுக்கப் போனவர் சுவரில் கை வைத்திருக்கிறார். புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒரே ஈரம்.

பிளம்பரைக் கூட்டி வந்து, எல்லாக் குழாயையும் அடைத்து, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வைத்தார்கள். காலையில் பார்த்தால் நான்கு விரல் இறங்கியிருக்கிறது. சுவருக்குள் போகும் பழைய ஜி.ஐ. பைப்பில் துரு விழுந்து ஓட்டை. நம்மூர் போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியாததா? இரும்பு வாளியையே தின்கிற தண்ணீர் அது.

"ஹள்ரத், விற்பவரும் நம் ஜமாஅத்தான். கேட்டால் மனஸ்தாபம் வரும். கேட்காவிட்டால் தரையும் சுவரும் உடைக்க வேண்டும். என்ன செய்ய?" என்றார்.

கேளுங்கள் என்றேன். வாங்குவதற்கு முன்பே இருந்த குறை, வாங்குபவர் அறியாதது, மதிப்பைக் குறைக்கக்கூடியது என்றால் ஒப்பந்தத்தை முறித்துக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ஃபிக்ஹில் இதற்கு கியாருல் ஐப் என்று பெயர். இருவரும் மனமொப்பி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். தெரிந்தும் வாய் திறக்காமல் பதிவு செய்துகொண்டால் அந்த உரிமை போய்விடும். நாட்டுச் சட்டமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில், சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும் என்றிருக்கிறது.

நம் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வீடு அப்படியல்ல. குடியிருந்தவருக்கு எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்று தெரியும். ஈரமான தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நீங்கள் பலமுறை கேட்டதுதான். அந்த ஈரம் இன்று பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பிளம்பர் அதே வீட்டில் அதே பைப்புக்கு ஏற்கெனவே இரண்டு தடவை ஒட்டுப் போட்டவர். புரோக்கருக்கும் தெரியும்; பெயிண்ட் அடிக்கச் சொன்னதே அவர்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். "நமக்கெதுக்கு வம்பு, நான் விற்கவில்லையே" என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு சம்பவத்தை எழுதுகிறார்கள். ஒருவர் தன் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்கள் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் நினைவு வந்து, பின்னாலேயே ஓடுகிறார்கள். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்கிறார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்" என்று அவர் கோபப்பட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் சொன்ன பதில்: ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாங்கள் நபியவர்களிடம் பைஅத் செய்திருக்கிறோம், குறையை அறிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பது ஹலால் இல்லை.

ஒட்டகம் வாஸிலா (ரலி) அவர்களுடையதல்ல. லாபமும் நஷ்டமும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் ஓடினார்கள். நம் பிளம்பர், புரோக்கர், அண்டை வீட்டார் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

தம்பி கேட்டார். விற்பவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் அவரே ஃபஜ்ருக்குப் பிறகு என்னிடம் வந்து, "தெரியும் ஹள்ரத், மகள் கல்யாண அவசரம்" என்றார். பதிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பழைய பைப்பை விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புதிய பைப் ஓட்ட வேலை தொடங்கியாயிற்று. செலவு யாருடையது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. இன்று அஸருக்குப் பிறகு இருவரும் பள்ளியில் உட்காருகிறார்கள். பிளம்பரையும் வரச் சொல்லியிருக்கிறேன். துஆச் செய்யுங்கள்.