சுவையும் ஆண்டும்: ஊவாத் தேயிலை குறித்து ஒரு விசாரணை

ஒரே பெயர் பூண்ட பொருள் ஆண்டுக்கு ஆண்டு சுவையில் வேறுபடுமாயின், அஃது ஒரு பொருளா, பல பொருளா என்ற வினா மெய்யியலார்க்குப் புதியதன்று. மேனாட்டிற் சில மதுவகைகளைக் கொண்டு இதனை நேரிற் சோதித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியின் நினைவாக 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டோர்செஸ்ரர் நகரில் வடிக்கப்பட்ட வலிய பியர் ஒன்று, பல்லாண்டு நிலவறையில் வைத்துப் பருகுதற்கெனவே ஆக்கப்பட்டது. போத்தல்கள் தத்தம் ஆண்டைத் தாங்கி நின்றன. ஆர்வலர் பல ஆண்டுகளின் போத்தல்களை ஒரே மேசையில் திறந்து ஒப்பிட்டுச் சுவைப்பர். கடந்த காலம் அங்கே கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எனினும் அவர் நாவிற் படுவது அவ்வாண்டு மட்டுமன்று. அவ்வாண்டின்மேல் நிலவறையிற் படிந்த முதுமையும் உடன் வருகிறது. இரண்டையும் பிரித்தறியும் நாக்கு எவர்க்கும் வாய்த்ததில்லை.

நுவரெலியாவில் 1881 முதலே மதுவடிசாலை இயங்கியதாயினும், மலைநாட்டிற் சுவையாராய்ச்சி ஒரு தொழிலாக வளர்ந்தது பியரினால் அன்று, தேயிலையினாலேயே. அதிலும் ஊவாவின் நிலை தனித்துவமானது. தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டித் தீர்த்தபின், முகடு கடந்து ஊவாவுக்குள் வரண்ட காற்றாக இறங்குகின்றது. யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரையான அக்காலத்திற் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிற் கொழுந்தின் வளர்ச்சி தடைப்படும். வாட்டமுற்ற செடியில் மணப்பொருள்கள் செறியும். மெதயில் சலிசிலேற்று என்னும் சேர்வை அவற்றுள் முதன்மையானது. தாவரங்கள் பல ஊறுபட்டபோது வெளிவிடும் பொருளும் அதுவே. உலகச் சந்தையில் ஊவாவுக்குப் பெயர் தந்த மணம், செடியின் துன்பத்திற் பிறந்த மணம் எனலாம். காற்று வலுத்த ஆண்டில் அது மிகும். மழை குறுக்கிட்ட ஆண்டிற் குன்றும்.

ஆனால் இத்தேயிலைக்கு நிலவறை இல்லை. வைத்திருக்க வைத்திருக்க நறுமணம் கழிந்துவிடும். சென்ற ஆண்டுக் கிண்ணத்தை இவ்வாண்டுக் கிண்ணத்தின் அருகே வைத்து நேர்மையாக ஒப்பிடல் இயலாது. சுவைஞரின் முறையோ வெகு கண்டிப்பானது. 1980இல் வெளியான சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என வரையறுக்கின்றது. சாற்றைக் கரண்டியால் அள்ளி ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார் அவர். நீரும் நிறையும் நேரமும் அளவுக்குட்பட்டவை. ஒப்பிடுதற்குரிய மறுதலை மட்டும் அவர் நினைவில் இருக்கின்றது.

டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரையில், தொன் குயிக்சோற்றிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். மதுவைச் சுவைத்த உறவினர் இருவருள் ஒருவர் அதிலே தோலின் சுவை உண்டென்றார். மற்றவர் இரும்பின் சுவை என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். பீப்பா வெறுமையானபோது அடியிலே தோல்வார் கட்டிய பழைய திறப்பொன்று கிடந்தது. சுவைத்தீர்ப்புக்குப் புறச்சான்று உண்டு என்பதற்கு இதனினும் இனிய கதை இல்லை. ஆயின், சென்ற ஆண்டு யூலையிற் பறித்த கொழுந்தின் சாறு இவ்வாண்டினதிலும் சிறந்தது என்று ஒருவர் கூறினால், கவிழ்த்துப் பார்க்க எந்தப் பீப்பா உண்டு? ஏல விலை சான்றாகுமோ எனின், அது வாங்குவோரின் தேவையையும் சுமந்து வருவது. சுவைத்தீர்ப்புப் பயன்நோக்கற்றதாதல் வேண்டும் என்றார் கான்ற். 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பிலே தொடங்கிய தேயிலை ஏலமோ பயன்நோக்கின் மீதே எழுந்தது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்டோர் சுவையை ஒன்றெனக் கொள்ளவில்லை. சுவைக்கப்படும் பொருள், அதனை அறியும் பொறியுணர்வு, அவ்வழி மனத்தெழும் குறிப்பு, உடலிற் புலப்படும் விறல் என நான்காகப் பகுத்தனர். அவர் பேசியது நாடகச் சுவையேயாயினும் அப்பகுப்பு ஈண்டும் உதவும். கொழும்பின் மேசையில் முன்னிரண்டே நிகழ்கின்றன. பின்னிரண்டும் சுவைஞர்க்குத் தொழில் இடையூறுகள். கலவைக்காரர்க்கோ ஆண்டென்பதே இடையூறு. 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் காலந்தொட்டு, பொதித்து விற்போர் பல மலைகளின் தேயிலையைக் கலந்து, பொதி என்றும் ஒரே சுவையாயிருக்கச் செய்கின்றனர். பியர் ஆர்வலர் தேடிக் காசு கொடுப்பதை இவர் காசு கொடுத்து அழிக்கின்றார்.

இனி அறம் சார்ந்த வினாவுக்கு வரலாம். வரண்ட காற்றில் மணம் மிகும்போது கொழுந்தின் நிறை குறைகிறது. நிறையைக் கொண்டு உழைப்பு அளக்கப்படும் தோட்டத்திலே, கிண்ணத்துக்கு உகந்த காலம் கூடைக்கு உகந்ததன்று. மேலதிகக் கிலோவுக்குரிய கொடுப்பனவு சுருங்கும். தேயிலை ஏலத்திற் பெறும் உயர்விலை அப்படியே லயத்துக்குத் திரும்பி வருவதுமில்லை. தசைவலிக்குப் பூசும் தைலங்களில் மணப்பதும் மேற்கூறிய மெதயில் சலிசிலேற்றே. கொழுந்து பறிக்கும் பெண் இரவில் முதுகுக்குப் பூசுவதும் சுவைஞர் பகலில் வியப்பதும் ஒன்றாயிருத்தல் தற்செயலே. அதற்குமேற் பொருள் ஏற்றுதல் கவிஞர் வேலை.

சுவைஞர் இவையெல்லாம் அறிந்தே தீர்ப்பளிக்க வேண்டுமோ? வேண்டா என்பதே நேர்மையான விடை. கிண்ணத்தில் இல்லாததைக் கிண்ணத்திற் காண்பவர் நல்ல சுவைஞரல்லர். இரக்கத்தினாற் சாறு தடிப்பதில்லை. வழு நேர்வது பிறிதோரிடத்தில். ‘சிறந்த சாறு’ என்னும் தீர்ப்பு, வாய்மாறி ‘சிறந்த ஆண்டு’ ஆகும்போது, கிண்ணத்தைப் பற்றிய கூற்றுக் காலத்தைப் பற்றிய கூற்றாகிவிடுகின்றது. காலமோ சுவைஞர்க்கு மட்டும் உரியதன்று.

1983ஐ எடுத்துக்கொள்க. அவ்வாண்டு வரட்சியால் இலங்கையின் தேயிலை உற்பத்தி குறைந்தது. ஆண்டிறுதியில் உலக விலை பெரிதும் உயர்ந்தது. ஏலம் தொடங்கி நூறாண்டு நிறைந்த யூலை 30ஆம் நாள், நாடெங்கும் தமிழர்க்கெதிரான வன்செயல் மூண்டெரிந்த வாரத்திலேயே வந்தது. மூன்று நாள் முன்னர், யூலை 27இல், பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. ஊவாவின் மணப்பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வணிகக் கணக்கின்படி நல்ல விலை கண்ட ஆண்டு அது. அவ்வாண்டின் கிண்ணத்தை இன்று எவரும் ஏந்திப் பார்த்தல் இயலாது, தேயிலை தீர்ந்துவிட்டது. பதுளைக் கடைவீதியில் அன்று கடையிழந்தோர் சிலரும் அவர்தம் மக்களும் இன்னும் உளர்.